பக்கத்தில் அவிழ்தல்

எனக்குக் கிரேக்கம் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் எனக்குக் கிரேக்கம் தெரியும் என்று எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். இரண்டு தடித்த அகராதிகளை வைத்துக்கொண்டு ஒரு சொல் எங்கே பிறந்தது, எந்தெந்த வீட்டில் வளர்ந்தது, எப்படி ஆங்கில மருத்துவத்துக்குள் வந்து உட்கார்ந்தது என்று தேடி எழுதுவேன். மருத்துவச் சொற்களுக்குத் தமிழில் ஒரு விளக்க அகராதி தயாராகிறது. அதில் வேர்ச்சொல் பகுதி என் பொறுப்பு.

கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள். நான் பட்டணத்தில் வேலை போய், உத்திரமேரூருக்கும் திருப்புலிவனத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தவன். லேப்டாப்பும் இணையமும் இருந்தால் இந்த வேலையை எங்கிருந்தும் செய்யலாம். பக்கத்து வீட்டில் தம்பியும் அவன் மனைவியும் இருந்தார்கள். அவன் நெல்லும் வேர்க்கடலையும் போட்டான், நான் சொல் பொறுக்கினேன். வேளாவேளைக்கு எனக்குச் சாப்பாடு அங்கிருந்துதான் வந்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன்.

அகராதிக்காக எழுதியவற்றில் இன்றுவரை நான் அனுப்பாமல் வைத்திருக்கும் சொல் ஒன்று உண்டு. பராலுசிஸ். ஆங்கிலத்தில் பாரலிஸிஸ். எங்கள் ஊரிலும் இப்போது 'பேரலஸ் ஆயிட்டுது' என்றுதான் சொல்கிறார்கள். முன்பாதியான 'பரா' என்றால் பக்கத்தில். பின்பாதியான 'லுசிஸ்' என்றால் அவிழ்த்தல், கட்டைத் தளர்த்துதல். பக்கத்தில் அவிழ்தல். உடம்பின் ஒரு பக்கம் கட்டு விட்டுத் தொங்கிப் போவதைப் பார்த்த யாரோ வைத்த பெயர். பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் இந்தப் பெயர் வராது.

ஆனால் நோய்க்கு வருவதற்கு முன்பே அந்த வினைச்சொல் வேறு இடங்களில் வேலை பார்த்திருக்கிறது. கப்பலின் பக்கத்தில் கட்டியிருக்கும் சுக்கானைக் கழற்றி எடுப்பதற்கு அதை எழுதியிருக்கிறார்கள். ஒரு படைத்தலைவனைப் பதவியிலிருந்து அரசன் விலக்கும்போதும் அதே சொல்தான். ஒருவன் தோளிலிருந்து ஒரு பொறுப்பை இறக்கிவிடுவதற்கும் அதுவே. பிறகுதான் வைத்தியர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். திடீரென்று ஆளை அடித்துச் சாய்ப்பதற்கு அவர்களிடம் வேறொரு சொல் இருந்தது. அடி விழுந்தபின் மிச்சமிருக்கும் அந்தத் தளர்ச்சிக்குப் பராலுசிஸ். பிரெஞ்சு வாயில் புகுந்து தேய்ந்து ஆங்கிலத்தில் 'பால்ஸி' என்று நிற்பதும் இதன் பிள்ளைதான்.

நம் சொற்களிலும் பக்கம் இருக்கிறது. பக்கவாதம், பாரிசவாயு. பாரிசம் என்றாலும் பக்கம்தான். ஆனால் நம்மவர்கள் வாயுவின்மேல் பழியைப் போட்டார்கள்; காற்று வந்து அடித்தது என்றார்கள். கிரேக்கர்கள் யார்மேலும் பழி போடவில்லை, அவிழ்ந்தது என்றார்கள். இந்த ஒப்பீட்டை எழுதியபோது எனக்கு என்மேலேயே பெரிய மதிப்பு வந்தது. அதை எழுதி முடித்த காலையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். போன வருடத்து ஆடி மாதம்.

என் தம்பி கரகம் எடுப்பவன். ஆடியில் எங்கள் ஊர் அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது ஏரிக்கரையிலிருந்து பூங்கரகம் தலையில் ஏறி ஊரைச் சுற்றி வரும். எடுப்பது எங்கள் குடும்பத்து ஆண். அப்பாவுக்குப் பிறகு மூத்தவனான நான் எடுத்திருக்க வேண்டும். எனக்கு நம்பிக்கையில்லை என்று சொல்லிவிட்டேன், தம்பி எடுத்தான். எட்டு நாள் முன்னதாகப் பூசாரி அவன் வலது மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு வைத்த நூலைக் காப்பாகக் கட்டுவார். காப்பு ஏறியவன் கரகம் இறங்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அம்மனும் அவனோடு போய்விடுவாள் என்பது நம்பிக்கை. நடுவில் நூலை அறுக்கவும் கூடாது, அறுத்தால் கட்டிக்கொண்டவன் வீட்டுக்கு ஆகாது. அவனுக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால் ஒரு வழி உண்டு. அதே ரத்தத்தில் இன்னொரு ஆண் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்துணியோடு வந்து கையை நீட்டினால், பூசாரி இவன் கையிலிருந்து அவிழ்த்து அவன் கையில் கட்டிவிடுவார். எங்கள் வீட்டில் ஆண் என்று நாங்கள் இருவர்தான். தம்பிக்கு ஒரே பெண், கட்டிக்கொடுத்து வெளியூரில் இருக்கிறாள்.

நான் இந்தக் காப்பைப் பற்றி டீக்கடையில் நிறையப் பேசியிருக்கிறேன். "எட்டு நாள் ஊரைவிட்டு நகராம இருக்க நூல் எதுக்கு, நம்ம பஸ்ஸை நம்பினாலே போதுமே" என்று ஒருமுறை சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். பூசாரியும் சிரித்தார். அவர்கள் சிரித்ததை நான் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

காப்புக் கட்டிய மூன்றாம் நாள் காலை ஆறரை மணி. தம்பி ஏரியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு என் வாசலைத் தாண்டினான். சன்னலில் என்னைப் பார்த்து, "இன்னாண்ணா, அதுக்குள்ள எழுந்துட்டியா" என்றான். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றேன். நன்றாக நடந்து போனான், தெளிவாகப் பேசினான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவனை நல்லபடியாகக் கடைசியில் பார்த்தவன் நான்தான்.

ஏழு மணிக்கு அவன் மனைவி என் வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, செத்த வந்து பாருங்க மாமா. வாய் ஒரு மாரி கோணிக்கினு கீது. டம்ளரு குடுத்தா புடிக்க மாட்டேங்குறாரு, நழுவ வுடுறாரு."

போய்ப் பார்த்தேன். பாயில் சுவரோரம் சாய்ந்து கிடந்தான். சிரி என்றேன். பாதி முகம்தான் சிரித்தது. இரண்டு கையையும் தூக்கு என்றேன். இடது கை மேலே போனது. காப்புக் கட்டிய வலது கை மடியிலேயே கிடந்தது. ஏதோ சொன்னான், சொல்லாக வரவில்லை. ஆனால் நான் சொன்னதெல்லாம் அவனுக்குப் புரிந்தது. என்ன நடக்கிறது என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. மூளைக்குப் போகும் ரத்தம் அடைத்திருக்கிறது, நேரம் போகப் போகக் கை கால் போகும், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரப் பயணம். தெரியாதவன் செய்த தவறென்றால் இதை எழுதவே மாட்டேன்.

எதிர் வீட்டுக்காரர் வேனை எடுத்து வாசலில் நிறுத்திவிட்டார். கால் மணி நேரத்துக்குள் தெருவே கூடிவிட்டது. பூசாரி வந்தார். தம்பியைக் குனிந்து பார்த்தார், அவன் மணிக்கட்டைப் பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ ஒரு சொம்பு தண்ணி தலையில ஊத்திக்கினு வா. மாத்திக் கட்டிடலாம், ரெண்டு நிமிசம் தான். அப்பால இட்டுக்கினு போவட்டும்."

அவ்வளவுதான் கேட்டார். பரிகாரம், பூசை, உத்தரவு என்று எதுவும் கேட்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஆளு இப்படிக் கிடக்கறான், நீங்க நூலைப் பத்திப் பேசிக்கினு கீறீங்க. அறுத்துப் போட்டுட்டுத் தூக்குங்க."

"அறுக்கறது ஆவாது தம்பி. நீ தண்ணி ஊத்திக்கினு வா."

"நான் ஏன் ஊத்திக்கணும்?"

இந்தக் கேள்வியிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் போயிற்று. இன்று நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அன்று நான் பேசினேன். மூளையைப் பற்றிப் பேசினேன், ரத்தக் குழாயைப் பற்றிப் பேசினேன், இந்த நூற்றாண்டில் ஒரு நூலுக்காக மனிதனைச் சாக விடுவீர்களா என்று கேட்டேன். நான் சொன்னதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. அங்கே நின்றிருந்த யாரும் அவனைச் சாகவிடச் சொல்லவுமில்லை. அவர்கள் வண்டியோடு காத்திருந்தார்கள், நான் கொள்கையோடு நின்றிருந்தேன். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஒருதரம் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு நானே அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன், அறுத்துவிடலாம் என்று. தம்பி இடது கையால் காப்பைப் பொத்திக்கொண்டான். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்பது அதற்கு அர்த்தம். அந்த நேரத்திலும் அவனுக்குத் தன் வீட்டைப் பற்றிய பயம். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அப்போ உன் இஷ்டம்" என்று சொல்லி எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். கை கால் விழுந்து கிடக்கிறவனிடம் சொன்ன பேச்சு அது.

ஏன் ஊற்றிக்கொள்ளவில்லை? அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் மூடநம்பிக்கைக்கு வளைந்துகொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். உண்மை அதைவிடச் சின்னது. கூட்டத்தில் டீக்கடை ஆட்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஈரத் துணியோடு நான் கையை நீட்டுவதை அவர்கள் பார்ப்பார்கள். பஸ்ஸைப் பற்றி நான் அடித்த கிண்டல் அவர்களுக்கு நினைவு வரும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? இதற்குக் கீழே இன்னொரு காரணமும் கிடக்கிறது, அது இன்னும் கேவலம். இரண்டு நாள் கழித்துச் சென்னையில் அகராதிக் குழுவின் கூட்டம். கிரேக்க வேர்களைப் பற்றி நான் பேசுவதாக இருந்தது. காப்பு ஏறினால் எல்லை தாண்ட முடியாது. நம்பாத காப்பைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டினால்தான் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஊரார் பார்க்க அதைச் செய்யும் துணிச்சலும் எனக்கில்லை.

எட்டரை மணி வாக்கில் வேன்காரர் என்ஜினை அணைத்துவிட்டார். அந்தச் சத்தம் நின்றதும் தம்பி மனைவி உள்ளேயிருந்து வந்தாள். இடுப்பில் ஒரு குடம். எனக்கு நேர் எதிரில் வந்து நின்று, குடத்தைத் தூக்கி என் தலையில் முழுக்கக் கவிழ்த்தாள். சட்டை, கண்ணாடி, கையிலிருந்த போன் எல்லாம் நனைந்தன.

"குளிக்கத்தானே சொல்றாங்க. இந்தா, குளிச்சிட்ட. கைய நீட்டு."

அதுவரை அவள் என்னை ஒருமையில் பேசியதேயில்லை. அதற்குப் பிறகும் பேசியதில்லை. நான் கையை நீட்டினேன். பூசாரி தம்பி கையிலிருந்து நூலை அவிழ்த்தார். தம்பி தன் இடது கையை எடுத்து வழிவிட்டான். முடிச்சு உடனே அவிழ்ந்தது. என் மணிக்கட்டில் கட்ட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டீக்கடை ஆட்களில் யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் தம்பியைத் தூக்கி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

வேன் போய்விட்டது. எல்லை தாண்டக் கூடாதவன் என்பதால் நான் ஊரிலேயே இருந்தேன். ஈரச் சட்டையோடு கோயில் வாசலில் உட்கார்ந்து போனைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குக் கொஞ்சம் மேலே போன் வந்தது. தம்பி மனைவியின் எண். "மாமா, ஸ்கேன் எடுத்துட்டாங்க. டாக்டரு ஏதேதோ கேக்கறாரு, எனக்கு ஒண்ணியும் சொல்லத் தெரில. நீங்க பேசுங்க" என்றாள். பிறகு ஒரு டாக்டரின் குரல். சின்ன வயசுதான் இருக்கும், அவசரமான, மரியாதையான குரல். ஆங்கிலமும் தமிழுமாகப் பேசினார். நான் என்னிடம் இருந்த சொற்களையெல்லாம் எடுத்து வைத்தேன். வலது பக்கம் பலவீனம், முகம் ஒருபக்கம் இழுத்திருப்பது, பேச்சுக் குழறல், புரிதல் மட்டும் சரியாக இருப்பது என்று எல்லாவற்றையும் சுத்தமான மருத்துவ ஆங்கிலத்தில் சொன்னேன்.

"நீங்க மெடிக்கல் லைனா சார்?" என்று கேட்டார்.

"அந்த மாதிரிதான்" என்றேன். அந்த நேரத்தில், அந்த நிலைமையில், எனக்கு அது இனித்தது. இதைவிட வெட்கப்பட வேண்டியது என் வாழ்க்கையில் வேறெதுவும் இல்லை என்று இந்த வரியை எழுதும்போது நினைக்கிறேன். அடுத்ததை எழுதப் போகிறேன், அது இதையும் தாண்டிவிடும்.

"அடைப்புதான் சார், ரத்தக் கசிவு இல்ல. கடைசியா எப்போ நார்மலா இருந்தார்? கரெக்டான டைம் வேணும். யார் பார்த்தீங்க?"

நான் பார்த்தேன். ஆறரைக்கு. இன்னாண்ணா எழுந்துட்டியா என்று கேட்டான். இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஆறரை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும்: ஒரு மணி நேரத் தூரத்திலிருக்கிற ஊர், பத்து மணி வரை என்ன செய்தீர்கள்? அதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? ஒரு நூலைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தோம் என்றா? எங்கள் ஊர் வழக்கத்தை அந்த ஆங்கிலக் குரலிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படிக்காத கும்பலில் ஒருத்தன் என்று நினைத்துவிடுவார். வாதாடியது நான்தான், ஊர் இல்லை என்று சொல்லவோ அதைவிடக் கூச்சம்.

"காலையில எழுந்தப்பவே இப்படித்தான் இருந்தார் டாக்டர். ராத்திரி நல்லாத்தான் படுத்தார்" என்றேன்.



"அப்போ எப்போ ஆரம்பிச்சதுன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா கட்டியைக் கரைக்கிற ஊசி போடலாம் சார். நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். ராத்திரியே வந்திருந்து இப்போ போட்டா மூளையில ரத்தம் கசியற ரிஸ்க். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, காலையில யாருமே அவரை நல்லா இருந்தப்போ பார்க்கலையா?"

அந்தச் சிகிச்சையின் பெயரை அவர் சொல்லும் முன்பே எனக்குத் தெரியும். திராம்போலைஸிஸ். அதிலும் இருப்பது அதே லுசிஸ்தான். கட்டியை அவிழ்த்துவிடுவது. ஒரே வேரிலிருந்து நோயும் மருந்தும் பிறந்திருப்பதைப் பற்றிக் குழுக் கூட்டத்தில் பேசக் குறிப்புகூட எடுத்து வைத்திருந்தேன். கோயில் வாசலில் சுவர்க் கடிகாரம் பத்தரை காட்டியது. ஆறரையிலிருந்து நாலு மணி நேரம். அரை மணி நேரம் பாக்கி இருந்தது. மாற்றிச் சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் மாற்றிச் சொன்னால் முன்பு சொன்னது பொய் என்றாகும்.

"இல்ல டாக்டர். யாரும் பார்க்கல" என்றேன்.

"சரி சார்" என்றார் அவர். வேறு மருந்துகளைக் கொடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார். அவர்மேல் ஒரு குற்றமுமில்லை. கேட்க வேண்டியதை இரண்டு தரம் கேட்டார்.

ஐந்து நாள் கழித்து நான் கரகம் எடுத்தேன். நம்பிக்கை இல்லாதவன் தலையில் கரகம் நிற்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, அது உண்மையாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று அன்று வேண்டிக்கொண்டேன். நன்றாகவே நின்றது. வாசலுக்கு வாசல் பெண்கள் மஞ்சள் தண்ணீரால் என் காலைக் கழுவிக் கும்பிட்டார்கள். ஒரு கிழவர், "அண்ணன்னா இவுரு. தம்பிக்காவ காப்பு வாங்கிக்கினாரு பாரு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கரகத்தைத் தாங்கிய கையை எடுக்க முடியாது, குனியவும் முடியாது. அப்படியே நேராகப் பார்த்துக்கொண்டு எல்லாக் கும்பிடுகளையும் வாங்கிக்கொண்டேன். பதவியிலிருந்து விலக்கப்பட்ட படைத்தலைவனைப் பற்றி அகராதியில் எழுதிய நான், அவன் இடத்தில் அடுத்து வந்து நின்றவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்ததே இல்லை.

தம்பி மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தான். கால் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, இழுத்து இழுத்து நடக்கிறான். பேச்சும் மெதுவாகத் திரும்பியது. கை வரவில்லை. விரல்கள் உள்நோக்கி மடங்கியே இருக்கின்றன. இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டான். முதலில் விருந்தாளிகள் முன்னால் சாப்பிட மாட்டேன் என்றான், பிறகு அதுவும் பழகிவிட்டது. நிலத்தை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். வரப்பில் போய் நின்று பார்த்துவிட்டு வருவான். அந்த ஊசி போட்டிருந்தால் கை திரும்பியிருக்குமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. இந்த வாக்கியத்தை எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அது ஒருமுறையும் என்னைத் தூங்க வைத்ததில்லை.

ஒருநாள் சோறு போட வந்த தம்பி மனைவி, தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"மாமா, அன்னிக்கி டாக்டராண்ட எழுந்தப்பவே இப்பிடின்னு சொன்னீங்களே. குளிச்சிட்டு வந்து நல்லாத்தானே இருந்தாரு. ஏதோ படிச்சவங்க, அப்பிடி சொன்னாத்தான் ஒடனே பாப்பாங்களோ இன்னாவோன்னு நானும் கம்னு இருந்துட்டேன்."

அவள் குரலில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. சந்தேகம் கேட்டாள், அவ்வளவுதான். நான் கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "ஆமாம்மா, அதுக்குத்தான்" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். இது ஊசியையோ நேரத்தையோ தடுக்கவில்லை. ஆனால் இரண்டில் இதைத்தான் நான் அதிகம் வெறுக்கிறேன். அவள் என்மேல் வைத்திருந்த மரியாதையையே வாய்க்கரிசியாக அவள் வாயில் போட்டு மூடினேன்.

அகராதிக் குழுவிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு மாதம் ஒரு மெயில் வரும். பொருள் எழுதியாகிவிட்டது, பழைய நூல்களில் அது வரும் இடங்களும் எழுதியாகிவிட்டன. தமிழ்ச் சூழலில் ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டும் என்பது அந்த அகராதியின் விதி. எத்தனையோ நோய்களுக்கு எத்தனையோ வாக்கியங்களை ஒரு நொடியில் எழுதித் தள்ளியவன் நான். 'அவருக்குப் பக்கவாதம் ஏற்பட்டது' என்று அடித்துப் பார்த்தேன். ஏற்பட்டது என்ற சொல் பொய் சொல்கிறது என்று தோன்றியது. அழித்துவிட்டேன். கிரேக்கர்கள் யார்மேலும் பழி போடவில்லை என்று எழுதி மகிழ்ந்தவனுக்கு, பழி போட ஆள் வேண்டியிருக்கும் வாக்கியத்தை எழுத வரவில்லை.

இந்த வருட ஆடி வந்தது. காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் பூசாரி தம்பி வீட்டுக்கு வந்து, யார் எடுக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். "இன்னா கேள்வி இது, அண்ணன் தான்" என்று தம்பி சொல்லிவிட்டான். சொன்னதோடு எனக்குத் துண்டு, வேட்டி எல்லாம் எடுத்துவைக்கச் சொல்லியிருந்தான். தம்பி மனைவி அவற்றை மடித்துக் கொண்டுவந்து என் மேசைமேல் அகராதிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். மறுபடியும் அந்தக் கும்பிடுகளை வாங்க என்னால் முடியாது என்று அப்போதுதான் தெரிந்தது.

துண்டையும் வேட்டியையும் எடுத்துக்கொண்டு தம்பியிடம் போனேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். பின்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடங்கிய வலது விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தான். டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சி. நிமிர்த்திய விரல் விட்டதும் மறுபடி மடங்கும். நான் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்தால் அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது, அதனால் பார்க்காமலே பேச முடிந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடை ஆட்களைப் பற்றிச் சொன்னேன். சென்னைக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். ஆறரைக்கு அவன் என்னிடம் பேசிவிட்டுப் போனதை டாக்டரிடம் மறைத்ததைச் சொன்னேன். நேரம் சொல்லியிருந்தால் ஒரு ஊசி போட்டிருப்பார்கள், கை வந்திருக்கலாம், நான் என் மானத்துக்காக அதைக் கெடுத்துவிட்டேன் என்றேன். சொல்லும்போது அழுதேன். அழுவதுகூடப் பிச்சை கேட்பதுபோல் இருக்கிறதே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவன் கட்டைவிரலில் ஆரம்பித்துச் சுண்டுவிரல்வரை நிமிர்த்தி முடித்தான். பேச்சு இப்போதும் அவனுக்கு ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். அவசரப்படுத்தினால் வராது. நான் காத்திருந்தேன்.

"தெரியும்ணா" என்றான். "போனு... என் தலமாட்டுல தான் வெச்சிருந்தாங்க. சத்தமா வெச்சி. நீ பேசுனது எல்லாம் கேட்டுச்சி."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"டாக்டரு ரெண்டாவுது வாட்டி கேட்டாரு பாரு. அப்ப நீ... மாத்தி சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன். நீ சொல்லல." மூச்சு வாங்கிக்கொண்டான். "அப்பால நானே சொல்லிக்கினு கெடந்தேன். ஆறரை, ஆறரைன்னு. யாருக்கும் புரியல."